மகாவலி நீரின் திசைமாற்றம்: உக்குவளை நீர்மின் நிலையத்தின் இயக்கமும் சமூக அடிப்படையும்

நீர்மின் நிலையம் ஒன்றைப் பற்றி இலக்கிய ஆய்வாளர் எழுத முற்படுவது சிலருக்கு வியப்பளித்தல் கூடும். ஆயின், நீர்நிலை என்பது வெறும் பொறியியற் பொருளன்று, அரசும் உழைப்பும் நிலமும் ஒன்றோடொன்று கொள்ளும் உறவின் வடிவம் என்பதைத் தமிழிலக்கியம் நெடுங்காலத்திற்கு முன்னரே உணர்ந்திருந்தது. பாண்டியன் நெடுஞ்செழியனை நோக்கிக் குடபுலவியனார் பாடிய புறநானூற்றுப் பதினெட்டாம் பாடல், வெற்றியும் புகழும் வேண்டும் வேந்தனுக்கு நீர்நிலை அமைத்தலையே வழியாகக் காட்டுகின்றது. நீரை யார் தேக்குகிறார், யாருக்கு விடுகிறார் என்பது ஆட்சியின் வினாவாகவே அன்று கருதப்பட்டது. இன்றும் அது அவ்வாறே உள்ளது என்பதனை மாத்தளை மாவட்டத்து உக்குவளை மின்நிலையத்தை முன்வைத்து விளக்குவதே எமது நோக்கம்.

உக்குவளையைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. ஈழத்தின் பெரிய மின்நிலையங்களோடு ஒப்பிடுகையில் இது சிறியது; இரண்டு இயந்திரங்களும் சேர்ந்து ஏறத்தாழ 40 மெகாவாற் ஆற்றலே கொண்டவை. ஆயினும், மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின் முதற் கட்டத்திலேயே, 1976ஆம் ஆண்டில், இயங்கத் தொடங்கிய நிலையம் இது. மேலும், தனக்கென நீர்த்தேக்கம் இல்லாத நிலையம் இது. தேக்கம் இல்லாமையே இதன் இயக்கத்தைச் சமூக நோக்கில் ஆராய்வதற்கு உகந்ததாக ஆக்குகின்றது.

1. ஓடும் நீரும் தேங்கிய நீரும்

நீர்மின் நிலையங்களை இரு பெரும் வகைகளாகப் பகுக்கலாம். பள்ளத்தாக்கின் குறுக்கே உயர்ந்த அணை கட்டி, மழைக்காலத்து வெள்ளத்தைத் தேக்கி, வேண்டும்போது வேண்டிய அளவு நீரை இறக்கி இயங்குவன ஒரு வகை. ஆற்றில் வருகின்ற நீரை வருகின்றபடியே ஏற்று, அதனை ஒரு சரிவில் இறக்கிச் சுழலியைச் சுழற்றி, மீண்டும் ஆற்றில் விடுவன மற்றொரு வகை. இரண்டாம் வகையை ஆற்றோட்ட மின்நிலையம் என்பர். முன்னையது களஞ்சியம் வைத்திருக்கும் கமக்காரனைப் போன்றது. பின்னையது அன்றாடக் கூலியில் வாழ்பவனைப் போன்றது. அன்றைய வரவே அன்றைய செலவு.

இரண்டிற்கும் அடிப்படை விதி ஒன்றே. நீரின் அளவும் அது விழும் உயரமும் சேர்ந்தே ஆற்றலை நிர்ணயிக்கின்றன. ஒரு கன மீற்றர் நீரின் நிறை ஒரு தொன். அது ஒரு மீற்றர் உயரம் விழுந்தால் 9,810 யூல் ஆற்றல் கிடைக்கும். நாம் மின்பட்டியலில் காணும் ஓர் அலகு, அதாவது ஒரு கிலோவாற் மணி, 36 இலட்சம் யூல். ஆகவே, இழப்பு எதுவும் இல்லையெனக் கொண்டாலும், ஓர் அலகு மின்சாரத்திற்கு 367 தொன் நீர் ஒரு மீற்றர் இறங்கவேண்டும். உக்குவளையில் நீர் இறங்கும் உயரம் ஏறத்தாழ 78 மீற்றர். உராய்வினாலும் இயந்திரங்களினாலும் நேரும் இழப்பைக் கழித்துப் பார்ப்பின், ஏறத்தாழ ஐந்தரைத் தொன் நீர் ஓர் அலகைத் தருகின்றது. இக்கணக்கை வாசகர் மனங்கொள்ளுதல் வேண்டும். பின்னர் எழும் பிணக்குகள் யாவும் இதிலிருந்தே பிறக்கின்றன.

2. பொல்கொல்லவிலிருந்து சுது கங்கைக்கு

மகாவலி கங்கை மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் நீரைத் திரட்டிக்கொண்டு, கம்பளை, பேராதனை வழியாகக் கண்டியைச் சுற்றி வளைந்து, பின்னர் கிழக்கே திரும்புகின்றது. கண்டிக்கு அண்மையிலுள்ள பொல்கொல்லவில் அவ்வாற்றின் குறுக்கே பத்து மதகுக் கதவுகளைக் கொண்ட தாழ்ந்த அணை ஒன்று கட்டப்பட்டது. இது நீரைத் தேக்கும் அணையன்று. நீர்மட்டத்தை உயர்த்தித் திசைமாற்றும் அணை. அதன் பின்னால் நிற்கும் நீர் தொடக்கத்தில் ஏறத்தாழ 40 இலட்சம் கன மீற்றரே. கீழே, பின்னர் கட்டப்பட்ட விக்டோரியா நீர்த்தேக்கமோ 70 கோடி கன மீற்றருக்கு மேற்பட்ட கொள்ளளவினது.

பொல்கொல்லவின் இடதுபுறத்திலிருந்து, கண்டியையும் மாத்தளையையும் பிரிக்கும் மலைத்தொடரின் அடியில், ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கம் குடையப்பட்டது. அதன் வழியே விநாடிக்கு ஏறத்தாழ 56 கன மீற்றர் வரை நீர் செல்ல இயலும். சுரங்கம் வெளிப்படும் இடம் உக்குவளை. அங்கே நீர் அழுத்தக் குழாய்களின் வழியே கீழிறங்கி இரண்டு பிரான்சிஸ் வகைச் சுழலிகளைச் சுழற்றிய பின் சுது கங்கையில் விழுகின்றது. சுது கங்கை வடக்கு நோக்கி ஓடி அம்பன் கங்கையோடு சேர்கின்றது. இவ்வாறு, கிழக்கே ஓடவேண்டிய மகாவலி நீரின் ஒரு பகுதி, மலையைத் துளைத்துக்கொண்டு மாத்தளையின் ஊடாக வடக்கே செல்கின்றது.

நிலையத்தின் உள்ளியக்கம் எளிதெனத் தோன்றினும் நுட்பமானது. பிரான்சிஸ் சுழலியைச் சூழ்ந்து வட்டமாக அமைந்த வழிகாட்டித் தகடுகள் உண்டு. அவை விரிந்தால் நீர் மிகுதியாகப் புகும், சுருங்கினால் குறையும். நாட்டின் மின்வலையில் மின்னோட்டம் விநாடிக்கு ஐம்பது சுழற்சி என்ற நிலையில் நிற்கவேண்டும். மின்பாவனை திடீரென உயரின் எல்லாப் பிறப்பாக்கிகளும் சற்றே தளரும், குறையின் விரையும். சீராக்கி இம்மாற்றத்தை உணர்ந்து தகடுகளை அசைக்கின்றது. மாத்தளையில் ஒரு தகடு அசைவதற்குக் கொழும்பில் மூடப்பட்ட தொழிற்சாலை ஒன்று காரணமாதல் கூடும்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. எட்டுக் கிலோமீற்றர் சுரங்கத்தில் நகர்ந்துகொண்டிருக்கும் நீரின் நிறை அண்ணளவாக இரண்டு இலட்சம் தொன். கீழே தகடுகள் விரைந்து மூடப்பட்டால் அந்நீர் முழுவதும் உடனே நின்றுவிடாது. தன் வேகத்தாலே மோதிக் குழாய்களைப் பிளந்துவிடும். இதனாலேயே இத்தகைய நீண்ட சுரங்கங்களின் முடிவில், மேல்நோக்கித் திறந்த கிணறு போன்ற அமைப்பொன்று வைக்கப்படுகின்றது. தடைபட்ட நீர் அதில் எழுந்து, அலைந்து, மெல்ல அடங்கும். இயந்திரத்தை நிறுத்துவது பொத்தான் ஒன்றை அழுத்தும் செயல் போலத் தோன்றலாம். உண்மையில் அது மலைக்குள் நகரும் ஒரு பேராற்றைத் தணிக்கும் செயலாகும்.

பொல்கொல்லவின் கொள்ளளவையும் சுரங்கத்தின் ஓட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். விநாடிக்கு 56 கன மீற்றர் வீதம் இழுத்தால், அங்கே நிற்கும் நீர் முழுவதும் இருபது மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஒரு நாளைக்குக் கூடப் போதாது. ஆதலின் உக்குவளையில் இன்று பிறக்கும் மின்சாரம் இன்று மகாவலியில் வந்த நீரே. இன்று அங்கே திருப்பாது விட்ட நீரை நாளை உக்குவளைக்குப் பெறுதல் இயலாது. அது கிழக்கே சென்றுவிடும்.

3. கிளைபிரியும் இடத்தில் நிற்கும் வினா

1976இல் இவ்வினாவுக்கு விடை எளிதாக இருந்தது. பொல்கொல்லவுக்குக் கீழே மகாவலியில் மின்நிலையம் எதுவும் இருக்கவில்லை. வடக்கே திருப்பிய நீர் உக்குவளையில் மின்சாரமும் உலர்வலயத்தில் நெல்லும் தந்தது. ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் உதவியோடு 1960களின் பிற்பகுதியில் வகுக்கப்பட்ட மகாவலிப் பெருந்திட்டம் முப்பது ஆண்டுகளில் நிறைவேற்றப்படவேண்டியதாக இருந்தது. 1977இன் பின் வந்த ஆட்சி அதன் முக்கிய வேலைகளை ஆறு ஆண்டுகளுக்குள் அடக்க முற்பட்டது. வெளிநாட்டுக் கடனும் உதவியும் பெருகின. 1985இல் கொத்மலையும் விக்டோரியாவும், அதனைத் தொடர்ந்து ரன்தெனிகலவும், 1990இல் ரன்தம்பேயும் இயங்கத் தொடங்கின.

இப்பொழுது கணக்கு மாறிவிட்டது. பொல்கொல்லவில் திருப்பாது விட்ட நீர், விக்டோரியாவில் ஏறத்தாழ 190 மீற்றரும், அதன் கீழுள்ள இரு நிலையங்களையும் சேர்த்தால் ஏறத்தாழ 300 மீற்றரும் இறங்குகின்றது. வடக்கே திருப்பிய நீர் உக்குவளையில் 78 மீற்றர் இறங்கியபின், 1981இல் மின்னுற்பத்தி தொடங்கிய போவத்தென்ன நிலையத்தில் அதன் ஒரு பகுதி மட்டுமே மீண்டும் சுழலியைச் சுழற்றுகின்றது. போவத்தென்னவில் பிரியும் மற்றொரு பகுதி சுரங்கத்தின் வழியே தம்புளு ஓயாவுக்கும், அங்கிருந்து கலாவெவவுக்கும், அநுராதபுரத்து வயல்களுக்கும் செல்கின்றது. மின்சாரக் கணக்கை மட்டும் பார்ப்பவர்க்கு, பொல்கொல்லவில் வடக்கே திரும்பும் ஒவ்வொரு கன மீற்றரும் இழப்பாகவே தோன்றும். அவ்விழப்பை எண்ணெயும் நிலக்கரியும் எரித்தே ஈடுசெய்யவேண்டும். அவை அந்நியச் செலாவணி கொடுத்து வாங்கப்படுபவை.

வடக்கே நிற்கும் கமக்காரனின் கணக்கோ வேறு. சிறுபோகத்தில் அவனது கதிர் பால்பிடிக்கும் வாரத்தில் வராத நீர், அடுத்த மாதம் இருமடங்காக வந்தாலும் பயனில்லை. மின்சாரத்திற்கு மாற்று எரிபொருள் உண்டு; வாடிய கதிருக்கு மாற்றில்லை.

இவ்விரு கணக்குகளையும் இணக்குவதற்கென மகாவலி அதிகாரசபையின் நீர் முகாமைத்துவச் செயலகம் இயங்குகின்றது. ஒவ்வொரு போகத்திற்கும் முன்னர், மின்சார சபையினரும் நீர்ப்பாசன, விவசாயத் துறையினரும் அங்கம் வகிக்கும் குழு கூடி எவ்வளவு நீரை எத்திசைக்கு விடுவது எனத் தீர்மானிக்கின்றது. பொல்கொல்லவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 87 கோடி கன மீற்றர் திருப்புவது என்பது நெடுங்காலம் அளவுகோலாக இருந்தது. ஆகவே உக்குவளையின் சுழலிகள் எப்போது சுழலும் என்பதை நிர்ணயிப்பது முதன்மையாக மின்தேவை அன்று. வடக்கே விதைக்கப்பட்ட நெல்லின் பருவம். மின்சாரம் அங்கே நெல்லின் துணைவிளைவு எனலாம்.

இது ஒரு மாவட்டத்துக்கு மட்டும் உரிய பிரச்சினை அன்று. 2023 ஆகஸ்டில் வரட்சியின்போது, சமனலவெவ நீரைத் தமது வயல்களுக்குத் திறந்துவிடுமாறு உடவளவை விவசாயிகள் போராடினர். தென்மாகாணத்தின் மின்வழங்கலுக்கு அந்நீர் வேண்டும் என மின்துறை தயங்கியது. இறுதியில் அமைச்சரவை தலையிட்டே நீர் விடப்பட்டது. தொழில்நுட்பத் தீர்மானம் எனக் கூறப்படுவது அரசியல் தீர்மானமே என்பதை நாடு அன்று வெளிப்படையாகக் கண்டது.

4. பழைய நீரும் பழைய விவாதமும்

உக்குவளை நீர் செல்லும் வழி புதியதன்று. அம்பன் கங்கையை எலஹெரவில் மறித்துக் கால்வாய் வெட்டிய பெருமை வசப மன்னனுக்கும், அந்நீரை ஏற்கும் மின்னேரியாக் குளத்தைக் கட்டிய பெருமை மகாசேனனுக்கும், கலாவெவ தாதுசேனனுக்கும் உரியதாகக் கூறப்படும். இருபதாம் நூற்றாண்டின் பொறியியல், ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய நீர்வழிகளோடுதான் தன் சுரங்கத்தை இணைத்துக்கொண்டது.

கீழைத்தேய அரசுகள் நீர்ப்பாசனப் பொதுவேலைகளைத் தம் தலையாய பணியாகக் கொண்டிருந்தன என்று மார்க்ஸ் 1853இல் இந்தியா பற்றி எழுதிய கட்டுரைகளில் குறிப்பிட்டார். அதனை விற்போகல் 1957இல், நீரை ஆள்பவனே கொடுங்கோலனாவான் என்னும் பொதுவிதியாக விரித்தார். ஈழத்துச் சான்றுகளைக் கொண்டு எட்மண்ட் லீச் 1959இல் அதனை மறுத்தார். கிராமக் குளங்கள் பல மத்திய அரசின் தயவின்றியே இயங்கின என்றார். ஆர். ஏ. எல். எச். குணவர்த்தன 1971இல் மேலும் ஆழமாகச் சென்று, விகாரைகளும் உள்ளூர் மேலோரும் நீரின்மீது கொண்டிருந்த உரிமைகளை ஆராய்ந்தார். இவ்விவாதத்திலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்று: நீர்வேலை எதுவும் தானாக ஒரு சமூக அமைப்பை உண்டாக்குவதில்லை. நீரின்மீதான உரிமை எவரிடம் உள்ளது என்பதே முடிவு செய்கின்றது. எனவே உக்குவளையிலும் நாம் கேட்கவேண்டியது, ‘இயந்திரம் எவ்வாறு இயங்குகின்றது?’ என்பதோடு நில்லாது, ‘இயக்கும் தீர்மானத்தில் யார் அமர்ந்திருக்கின்றனர், யார் இல்லை?’ என்பதுமாகும்.

5. சேறு கூறும் வரலாறு

பொல்கொல்ல நீர்நிலை தொடங்கிய சில ஆண்டுகளிலேயே சேற்றால் நிரம்பத் தலைப்பட்டது. முதற் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அதன் கொள்ளளவின் கணிசமான பகுதி இழக்கப்பட்டது. தேக்கமற்ற நிலையத்திற்கு இருந்த சிறிய இடைவெளியும் இவ்வாறு குறுகியது. சேறு நிறைந்த நீர் சுழலியின் அலகுகளையும் தேய்க்கின்றது. மேலே கொத்மலை அணை எழுந்தபின் ஒரு பகுதிச் சேறு அங்கேயே தங்கிவிடுகின்றது. ஆயினும் சேறு எங்கிருந்து வந்தது என்ற வினா நிற்கின்றது.

அது மலைச்சரிவுகளிலிருந்து வந்தது. 1830களிலிருந்து கோப்பிக்காக மலைநாட்டுக் காடுகள் அழிக்கப்பட்டன. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், எழுத்துறுதி காட்ட இயலாத காடுகளையும் சேனை நிலங்களையும் அரசுடைமையாகக் கருத வழிசெய்தது. அவை தோட்டத்துரைமாருக்கு விலையாகின. 1848இல் மாத்தளையில் மூண்ட கிளர்ச்சிக்குப் புதிய வரிகள் உடனடிக் காரணம் எனினும், அதன் பின்னணியில் இம்மாற்றங்கள் இருந்தமை மறுக்கத்தக்கதன்று. கோப்பி அழிந்தபின் தேயிலை வந்தது. வேரோடு காடு நின்று தாங்கிய மண், மழைதோறும் ஓடைகளில் இறங்கியது. மலையகத்தின் நூற்றாண்டுக்கால உற்பத்தி முறை இன்று மின்நிலையக் கணக்கேட்டில் சேறாகப் பதிவாகின்றது. முதலாளித்துவ உற்பத்தி மண்ணின் வளத்தையும் உழைப்பாளனையும் ஒருசேர உறிஞ்சுகின்றது என்று மார்க்ஸ் கூறியதற்குப் பொல்கொல்லவின் அடித்தட்டு கண்கூடான சான்று.

6. சுரங்கத்தின் மேல் வாழ்பவர்

நீர் வடக்கே செல்லும் வழியை நிலப்படத்தில் தொடர்ந்து செல்வோம்: உக்குவளை, மாத்தளை, நாலந்தையின் அயல், போவத்தென்ன, தம்புள்ளை, அப்பால் உலர்வலயம். ஏறத்தாழ இதே வழியே எதிர்த்திசையில் மனிதர் நடந்து வந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர், காட்டுவழியே தெற்கு நோக்கி நடந்து, தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பலர். எஞ்சியோர் ஏறிய முதல் மலைகளுள் மாத்தளை மலைகளும் அடங்கும். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் தோற்றத்தை அந்நடையோடு சேர்த்தே மக்கள் நினைவுகூர்வர்.

அவர்களின் பின்தோன்றல்களுக்கு இத்திட்டத்தில் கிடைத்த இடம் யாது? நீரின் பயன் இரண்டு: நிலமும் ஒளியும். நிலத்தை முதலில் நோக்குவோம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. உக்குவளை இயங்கத் தொடங்கிய ஆண்டிலும் கப்பலேறியோர் பலர். அரசின் குடியேற்றத் திட்டங்களில் காணி பெறும் தகுதியோ குடியுரிமையோடு பிணைக்கப்பட்டிருந்தது. நாடற்ற நிலையின் எச்சங்களை நீக்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. அதற்குள் மகாவலியின் காணிகள் பெரும்பாலும் பங்கிடப்பட்டுவிட்டன.

இனி ஒளி. தேயிலைத் தொழிற்சாலைகள் பல, மின்சார சபை தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே, தோட்டத்து ஓடைகளில் சிறு சுழலிகளை நிறுவி இயந்திரங்களை இயக்கின. அவையும் ஆற்றோட்ட நிலையங்களே. ஆனால் தொழிற்சாலையில் உருளைகளைச் சுழற்றிய மின்சாரம் சில நூறு யார் தொலைவிலுள்ள லயன் அறைக்குச் செல்லவில்லை. அங்கே குப்பி விளக்கே எரிந்தது. லயன்களுக்கு மின்னொளி பரவலாக வந்தது 1990களிலும் அதன் பின்னருமே. கொழுந்து உலர்வதற்கு வேண்டிய ஒளியும் வெப்பமும் கணக்கில் இருந்தன. கொழுந்து கிள்ளியவளின் பிள்ளை படிப்பதற்கு வேண்டிய ஒளி கணக்கில் இருக்கவில்லை. இதனைத் தொழில்நுட்பக் குறைபாடு எனக் கூறுதல் பொருந்தாது. சில நூறு யார் கம்பி இழுப்பது எட்டுக் கிலோமீற்றர் மலையைக் குடைவதினும் கடினமன்று.

1990களின் பிற்பகுதியிலிருந்து தனியார் சிறு நீர்மின் நிலையங்கள் மலையக ஓடைகளில் பெருகியுள்ளன. அவை மின்சார சபைக்கு மின்சாரம் விற்கின்றன. எரிபொருள் எரிக்காத அம்மின்சாரம் நாட்டுக்கு வேண்டியதே. 2022இன் நெருக்கடியில் நாள்தோறும் பல மணி நேரம் இருளில் இருந்த எவரும் இதனை மறுக்கமாட்டார். ஆயின் ஓடையின் நீரைக் குழாய்க்குள் திருப்பும்போது, இடைப்பட்ட தூரத்தில் குளிப்பதற்கும் குடிப்பதற்கும் அவ்வோடையையே நம்பியிருப்போர் அத்தீர்மானத்தில் பங்குபற்றுகின்றனரா என்பதே கேள்வி.

7. முடிவுரை

உக்குவளை நிலையத்தை நாம் குறைகூற முற்படவில்லை. எண்ணெய் எரியாமல், ஓடுகின்ற நீரின் வேகத்தை மட்டும் கொண்டு அது அரை நூற்றாண்டாக ஒளி தந்துள்ளது; அதே நீரை நெல்லுக்கும் விட்டுள்ளது. அதே நீர்வழியில், கீழே, 2018இல் மொரகஹகந்த நீர்த்தேக்கமும் 25 மெகாவாற் நிலையமும் இயங்கத் தொடங்கியதால், வடக்கே சென்ற நீரைத் தேக்கி வைக்கும் வசதியும் வந்துள்ளது. உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சி என்ற வகையில் இவை யாவும் வரவேற்கத்தக்கன.

நாம் வற்புறுத்துவது வேறு. தேக்கமுள்ள நிலையத்தில் தீர்மானத்தை ஒத்திவைக்கலாம். ஆற்றோட்ட நிலையத்தில் அது இயலாது. ஒவ்வொரு மணி நேரமும் நீர் யாருக்கு என்ற வினா அங்கே விடையிறுக்கப்பட்டுக்கொண்டே இருக்கின்றது. அவ்விடையில் மின்சார சபைக்குக் குரல் உண்டு; நீர்ப்பாசனத் துறைக்கு உண்டு; போராடினால் வயலிலுள்ள கமக்காரனுக்கும் உண்டு. நீர் பிறக்கும் மலைகளில் வாழ்ந்து, அம்மலைகளைத் தம் உழைப்பால் நாட்டின் செல்வமாக்கியவர்க்கு அம்மேசையில் இருக்கை இல்லை. மலைச்சரிவின் மண்ணைக் காக்கும் வேலையும் அவர் கையிலேயே உள்ளது. சரிவில் அணைவரம்பு கட்டுபவரும், வடிகான் வெட்டுபவரும், மரம் நடுபவரும் அவரே. அவர் அப்பணியைச் செய்யாவிடின் பொல்கொல்ல சேற்றில் மூடும். ஆகவே அவரை நீர்த்தீர்மானத்தின் பங்காளியாக்குதல் கருணையின்பாற்பட்டதன்று. நிலையத்தின் ஆயுளுக்கே அது தேவை. நீர் மலைக்குள் எட்டுக் கிலோமீற்றர் இருளில் சென்று ஒளியாக வெளிவருகின்றது. அந்த ஒளியின் கணக்கில் மேலே மலையில் வாழ்பவரும் சேர்க்கப்படும் நாளிலேயே மகாவலியின் திசைமாற்றம் நிறைவுபெற்றதாகும்.